ஹீட்டர் போட்டாலும் குளிர்காற்று: மலையில் ஓடும் ஒரு டீசல் காரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்களுடையது போன்ற ஊட்டி ஒர்க்‌ஷாப்புகளில் ஹீட்டர் புகார்கள் வரிசை கட்டும். சமவெளியில் பத்து வருடம் கார் ஓட்டியவர்களில் பலர் டேஷ்போர்டில் உள்ள அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பியே இருக்க மாட்டார்கள். 2,240 மீட்டர் உயரத்தில் நிலைமை வேறு. தலைகுந்தா மாதிரியான பள்ளப் பகுதிகளில் விடிகாலைப் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். இங்கே ஹீட்டர் உடம்புக்குக் கதகதப்பு தருவதோடு நிற்பதில்லை. முன்கண்ணாடியின் உட்புறம் படியும் ஆவியை விரட்டுவதும் அதுதான். கண்ணாடி மூடிக்கொண்ட வண்டியில் கொண்டை ஊசி வளைவு இறங்குவது எப்படி இருக்கும் என்று மலையில் ஓட்டுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆய்வில் வருவது பிஎஸ்6 மாசு விதிகளின் காலத்துக்கு முந்தைய ஒரு சிறிய டீசல் ஹேட்ச்பேக். உரிமையாளர் காய்கறி வியாபாரி. சரக்கு லாரியில் முன்னாலேயே இறங்கிவிடும். ஏலம் தொடங்கும் முன் மேட்டுப்பாளையம் மண்டியில் நிற்க வேண்டும் என்பதால், விடிவதற்கு நெடுநேரம் முன்பே அவர் குன்னூர் வழியாக இறங்குவார். மதியத்துக்கு மேல் ஏறி வருவார். காரைக் கோடையில் ஈரோட்டுப் பக்கம் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். வாங்கும்போது ஏசியைப் போட்டுப் பார்த்தார். ஓடும்போது நன்றாகக் குளிர்ந்தது, சிக்னலில் நின்றால் குறைந்தது. பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டார். மே மாதத்து ஈரோட்டில் ஹீட்டரைப் போட்டுப் பார்க்க யாருக்குத்தான் தோன்றும்?

எங்களிடம் வரும் முன் நடந்தவை

நவம்பரில் குளிர் இறங்கியதும்தான் குறை தெரிந்தது. அவர் காட்டிய முதல் இடத்தில் கேபின் ஃபில்டரை மாற்றி, ப்ளோயரைக் கழற்றித் தூசு தட்டி, ஹீட்டர் குமிழுக்குப் போகும் கேபிளையும் புதிதாகப் போட்டார்கள். காற்றின் வேகம் கூடியது, சூடு வரவில்லை. அடுத்த இடத்தில் ஹீட்டர் கோர் (காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) போய்விட்டது, டேஷ்போர்டை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய தொகையையும் சொன்னார்கள். அந்தத் தொகையைக் கேட்டுத்தான் அவர் மூன்றாவதாக எங்களிடம் வந்தார்.

இடையில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் 12 வோல்ட் ஹீட்டர் ஒன்றையும் வாங்கி மாட்டியிருந்தார். இந்தப் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த சாக்கெட்டுக்கு இருக்கும் ஃபியூஸ் பொதுவாக 10 முதல் 15 ஆம்பியர். கணக்குப் போட்டால் எப்படி இழுத்தாலும் 120 முதல் 180 வாட்டுக்குமேல் தராது. காரின் சொந்த ஹீட்டர் நன்றாக வேலை செய்தால் நாலைந்து கிலோவாட் வெப்பம் தரும். ஆகவே அந்தக் குட்டி ஹீட்டர் உள்ளங்கையைக் காய்ச்சிக்கொள்ள உதவுமே தவிர, முன்கண்ணாடியைத் துடைக்காது.

அவர் சொன்னதும் நாங்கள் கேட்டதும்

"அண்ணா, ஹீட்டரப் போட்டா வெறும் ஃபேன் காத்துதான் வருது. நாலாம் நம்பர்ல வெச்சா இன்னும் குளுருது."

"டெம்பரேச்சர் முள்ளு எங்க நிக்கும்?"

"அது அடியிலயேதான் இருக்கும். வண்டி சூடே ஆகாதுங்கண்ணா, நல்ல இன்ஜின்."

வியாதியின் முதல் அறிகுறியை அவர் வண்டியின் பெருமையாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. சூடாகாத இன்ஜின் நல்ல இன்ஜின் என்ற நம்பிக்கை நம் ஊரில் டிரைவர்களிடமும் உண்டு, மெக்கானிக்குகள் பலரிடமும் உண்டு. ஆனால் காரின் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. இன்ஜினைச் சுற்றிவரும் சூடான கூலண்டில் ஒரு பங்கு இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோருக்குப் போய்த் திரும்புகிறது. ப்ளோயர் அந்தக் கோரின் வழியே காற்றைத் தள்ளுகிறது. கோருக்குப் போகும் தண்ணீர் சூடாக இல்லையென்றால் டேஷ்போர்டை எத்தனை முறை இறக்கி ஏற்றினாலும் காற்று சூடாகாது.

வேறு இரண்டு விஷயங்களையும் கேட்டு வாங்கினோம். மைலேஜ் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வீட்டில் இருந்து புறப்பட்டு அருவங்காடு வரை கொஞ்சம் வெதுவெதுப்பு தெரிவதுபோல் இருக்கும், குன்னூர் தாண்டி இறக்கம் பிடித்ததும் அதுவும் போய்விடும். இரண்டாவது தகவல் எங்களுக்கு மிகவும் உதவியது. நீண்ட இறக்கத்தில் கியரில் பிடித்து இறங்கும்போது டீசல் இன்ஜினுக்குள் எரிபொருள் தெளிப்பே நின்றுவிடும், சூடும் உண்டாகாது. சூடு ஏறும்வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டால்தான் இருக்கும் சூட்டைக் காப்பாற்ற முடியும். இறக்கத்தில் சூடு ஓடிப்போகிறது என்றால் தெர்மோஸ்டாட்டை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முதல் நாள் பார்த்தவை

வண்டியை இரவு எங்கள் ஷெட்டில் விட்டுச் செல்லச் சொன்னோம். ஹீட்டர் புகாரை, இன்ஜின் முழுக்க ஆறிய நிலையிலிருந்து பார்க்காவிட்டால் பாதி விஷயம் தெரியாது. காலையில் வெளியே 6 டிகிரி. ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்தோம். உள்ளே இருந்தது கூலண்ட் இல்லை, டீ நிறத்தில் வெறும் தண்ணீர். விரலை விட்டு மூடியின் கழுத்தைத் தடவியதும் சந்தனக் குழம்பு மாதிரி துருவண்டல் ஒட்டியது.

நீலகிரியில் வெறும் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரோடு உறைபனிக் காலத்தைக் கடப்பது துணிச்சலான காரியம். உறையும் தண்ணீர் விரிவடையும். ரேடியேட்டர் குழாயோ இன்ஜின் பிளாக்கோ வெடிப்பு விடலாம். சரிபாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் கூலண்ட் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நமக்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும், துருவைத் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. வெறும் தண்ணீர், அதிலும் சமவெளி போர்வெல்லின் உப்புத் தண்ணீர், உள்ளே துருவையும் சுண்ணப் படிவையும் ஏற்றிக்கொண்டே போகும்.

ரேடியேட்டருக்கு பிரஷர் டெஸ்டர் வைத்து மூடியின் அளவான 0.9 பார் வரை ஏற்றினோம். கால் மணி நேரம் முள் இறங்கவில்லை. வெளியில் எங்கும் ஒழுகலும் இல்லை. பிறகு இன்ஜின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, ஹீட்டரை நிறுத்திவைத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்தோம். இருபது நிமிடம் ஐடிலில் ஓடியும் கூலண்ட் சூடு 48 டிகிரிதான். டீசல் இன்ஜின் ஐடிலில் மெதுவாகத்தான் சூடாகும், ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு சொல்லவில்லை. கவனித்த முக்கியமான விஷயம் வேறு: ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் இன்ஜினோடு சேர்ந்து மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தது. தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் இன்ஜின் 80 டிகிரியைத் தாண்டும்வரை அந்த ஹோஸ் கையைச் சில்லென்று தொட வேண்டும், திறந்ததும் சட்டென்று சுட வேண்டும்.

சேரிங் கிராஸிலிருந்து வேலி வியூ வரை ஓட்டிப் பார்த்ததில் சமதளத்தில் 60 டிகிரியை ஒட்டியும், இறக்கத்தில் 41 வரையும் வந்தது. ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்தபோது வென்ட்டில் வந்த காற்று 21 டிகிரி. புதிய கேபிள், காற்றைக் கோர் வழியே திருப்பிவிடும் ஃப்ளாப்பை முழுதாகத் திருப்புகிறதா என்பதையும் காலடிப் பக்கம் தலையை விட்டுப் பார்த்தோம். திருப்புகிறது. முதல் ஒர்க்‌ஷாப் செய்த வேலை தேவையற்றதாக இருக்கலாம், தவறாகச் செய்யப்படவில்லை.

கழற்றியதும் கிடைக்காத பொருள்

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் போல்ட்டுகளை எடுத்துத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை. ஹவுசிங்கில் அது உட்காரும் பள்ளம் மட்டும் இருந்தது. கேஸ்கட்டுக்குப் பதில் ஒரு முழம் சிலிகான் பேஸ்ட்.

எங்களுக்கு இது புதிய காட்சி இல்லை. வண்டி சூடேறுகிறது என்றதும் "வால்வைக் கழட்டி விட்டுர்றேன்" என்பது சமவெளியில் ரொம்ப காலமாக இருக்கும் வைத்தியம். அந்த வைத்தியத்தின் விலை என்ன என்று மீட்டரில் தெரிவதில்லை. சூடேறாத இன்ஜினில் ஆயில் கெட்டியாகவே ஓடும். இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்று ஈசியு (இன்ஜின் கணினி) கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். பிஎஸ்6 டீசல் என்றால் இன்னொரு தலைவலியும் உண்டு: இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளாது. பைபாஸ் வழி அமைந்திருக்கும் விதத்தைப் பொறுத்து, சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, எதற்காகக் கழற்றினார்களோ அந்தச் சூடு கூடவும் செய்யும்.

புதிய தெர்மோஸ்டாட்டை அன்றே போட்டு அனுப்பியிருக்கலாம். உரிமையாளரும் அவசரப்பட்டார். நாங்கள் நிறுத்தினோம். ஒரு பொருளை ஒருவர் மெனக்கெட்டுக் கழற்றியிருக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அந்தக் காரணம் இன்னும் வண்டிக்குள் இருந்தால், தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்ட முதல் மே மாதத்தில் பர்லியார் ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்கும். ஹீட்டரைச் சரிசெய்து ஹெட் கேஸ்கட்டைக் காவு கொடுத்ததாக ஆகிவிடும்.

உரிமையாளர் மூலமாகப் பழைய மெக்கானிக்கைப் போனில் பிடித்தோம். அவர் மறைக்காமல் சொன்னார்: "டிராஃபிக்ல நின்னா முள்ளு ஏறுச்சுங்க. ஓடினா இறங்கிடும். வால்வை எடுத்து விட்டேன், அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லீங்க."

நின்றால் ஏறும், ஓடினால் இறங்கும். நின்றால் குறையும் ஏசியும் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டின: ரேடியேட்டர் ஃபேன். ஏசியைப் போட்டுப் பார்த்தோம். ஃபேன் சுற்றவில்லை. ஸ்கேனரிலிருந்து கட்டளை கொடுத்தபோது அதிவேகத்தில் மட்டும் சுற்றியது. குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்து போயிருந்தது. ஃபேன் மோட்டார் நல்லது, வாட்டர் பம்ப் நல்லது. ஒரு ரெசிஸ்டரை மாற்றாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருக்கிறார்கள். வண்டி மலைக்கு வந்த பிறகு ஃபேனுக்கு வேலையே இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

முதல் கட்ட வேலையும் அதன் பலனும்

ரெசிஸ்டரை மாற்றினோம். நிறுவனம் குறிப்பிடும் 88 டிகிரி தெர்மோஸ்டாட்டைப் புதிய கேஸ்கட்டோடு போட்டோம். மலைக்கு 82 டிகிரி தெர்மோஸ்டாட் போதும் என்று கடையில் ஒருவர் யோசனை சொன்னார். ஹீட்டர் வேண்டும் என்று வந்தவருக்குக் குறைந்த சூட்டில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை ஏன் போட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். வாங்கி வந்ததைப் போடும் முன் பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பார்ப்பது எங்கள் வழக்கம். இதில் ஊட்டிக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 88 டிகிரி தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்குவதைப் பார்க்கலாம், முழுதாகத் திறப்பதைப் பார்க்க முடியாது. பாதிதான் திறக்கிறது, டூப்ளிகேட் என்று நல்ல பொருளைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

அழுக்குத் தண்ணீரை வடித்துவிட்டுச் சோதனைக்காக நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றினோம். கோரையும் கழுவ வேண்டி வரலாம் என்ற நிலையில் கூலண்டை ஊற்றிக் கொட்டுவது வீண். அதற்காக வண்டியை இரவில் வெளியே விடவில்லை.

இப்போது இன்ஜின் பதினைந்து நிமிட ஓட்டத்தில் 84 டிகிரியை எட்டியது. முள் நடுவில் நின்றது. உரிமையாளர் அந்த வண்டியில் முள் அங்கே நின்று பார்த்ததே இல்லை, பதறிப்போனார். வென்ட் காற்று 33 டிகிரி. முன்பைவிடத் தேவலை, ஆனால் போதாது. இன்ஜின் தண்ணீர் 84 டிகிரியில் இருக்கும்போது 33 டிகிரிக் காற்று ஏற்க முடியாதது.

இரண்டாவது கேள்வி: கோர்

இங்கே வேலை செய்தது இரண்டு ஹோஸைத் தொட்டுப் பார்க்கும் பழைய முறைதான், கையில் ஒரு அகச்சிவப்பு வெப்பமானி இருந்தது கூடுதல் வசதி. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பான ஃபயர்வாலில் நுழையும் ஹீட்டர் ஹோஸ்களில் உள்ளே போவது 78 டிகிரி, வெளியே வருவது 44.

இதைப் படிக்கத் தெரிந்தால் டேஷ்போர்டைத் தொடாமலேயே பாதித் தீர்ப்பு எழுதிவிடலாம். இரண்டு ஹோஸும் நன்றாகச் சுட்டு, காற்று மட்டும் குளிர்ந்தால் தண்ணீர் ஓடுகிறது என்று பொருள். குறை ஃப்ளாப்பிலோ கேபிளிலோ இருக்கும். இரண்டும் குளிர்ந்திருந்தால் தண்ணீரே வரவில்லை: கூலண்ட் அளவு குறைவு, உள்ளே சிக்கிய காற்று (ஏர் லாக்), வாட்டர் பம்ப், அல்லது ஹீட்டர் ஹோஸில் வால்வு வைத்த வண்டியாக இருந்தால் அந்த வால்வு. ஒன்று சுட்டு மற்றது ஆறிக் கிடந்தால் தண்ணீர் கோருக்குள் ஊர்ந்து போகிறது. மெதுவாகப் போவதால் இருக்கும் சூட்டையெல்லாம் நுழைந்த இடத்திலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே வருகிறது. 34 டிகிரி வித்தியாசம் அடைப்பைத்தான் காட்டியது. ஆக, இரண்டாவது ஒர்க்‌ஷாப் சொன்ன கோர் பிரச்சினையும் முழுப் பொய் இல்லை. அவர்கள் அதை எந்த அளவையும் பார்க்காமல் சொன்னார்கள் என்பதுதான் குறை.

மாற்றுவதா, கழுவுவதா? இந்த வண்டியில் கோரை எடுக்க ஸ்டீயரிங் காலம், டேஷ்போர்டு, அதன் பின்னுள்ள குறுக்குக் கம்பி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். ஏசி கேஸையும் வெளியேற்றி மறுபடி நிரப்ப வேண்டும். இத்தனை வயதான பிளாஸ்டிக் கிளிப்புகளில் சில கட்டாயம் உடையும். அதன் பிறகு வண்டி வாழ்நாள் முழுக்கக் கடகடக்கும். கோர் ஒழுகினால் வேறு வழியில்லை. இது ஒழுகவில்லை. வலது, இடது காலடிப் பாய்கள் உலர்ந்திருந்தன. கழுவிப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். கழுவினால் பலன் நிச்சயம் என்று உரிமையாளருக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

வாளியில் மின்னியது

இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்களைக் கிளாம்பு போட்டு மாட்டினோம். தண்ணீரைத் திரும்பி வரும் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் விட்டோம். அடைப்பு பெரும்பாலும் நுழைவாயிலில்தான் சேரும். அது வந்த வழியே வெளியேறுவதுதான் சுலபம். கம்ப்ரஸர் காற்றை நேரடியாக வைக்கவில்லை. ஹீட்டர் கோர் மெல்லிய அலுமினியத் தகடு, ஒன்றிரண்டு பாருக்குப் பழகிய பொருள். கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தை அதில் காட்டினால் டேஷ்போர்டுக்குள்ளேயே கிழியும். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரின் அழுத்தம் போதும்.

முதலில் பழுப்புத் தண்ணீர், பிறகு நூல் நூலாகத் துரு. வெள்ளை வாளியில் பிடித்துப் பார்த்தபோது அடியில் செம்பு நிறத்தில் மினுமினுக்கும் துகள்கள் படிந்திருந்தன. அவை துரு இல்லை. ரேடியேட்டர் ஒழுகலை அடைக்க ஊற்றும் ஸ்டாப் லீக் பவுடரில் வரும் உலோகத் துகள்கள். ஒழுகும் ஓட்டையை அது அடைக்கும், உண்மைதான். ஆனால் எது ஓட்டை, எது ஹீட்டர் கோரின் நுண்குழாய் என்று அதற்குத் தெரியாது.

முதல் நாள் பிரஷர் டெஸ்டில் முள் அசையாமல் நின்றதை இப்போது வேறு மாதிரிப் பார்க்க வேண்டியிருந்தது. ரேடியேட்டரில் ஒழுகல் இல்லை என்பதல்ல, அடைத்துவைத்த ஒழுகல் ஒன்று எங்கோ இருக்கிறது. தொடர்ந்து கழுவினால் அது திறந்துகொள்ளலாம். வேலையை நிறுத்திவிட்டு உரிமையாளரை அழைத்து வாளியைக் காட்டினோம். கழுவினால் ரேடியேட்டர் செலவு பின்னால் வரக்கூடும், கழுவாவிட்டால் ஹீட்டர் இப்படியேதான் இருக்கும் என்று இரண்டையும் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கண்ணாடி தெரியோணும்ணா, கழுவுங்க" என்றார்.

அலுமினியத்துக்குப் பாதகம் இல்லாத ஃப்ளஷ் திரவத்தைக் கோரில் நிரப்பி ஊறவைத்து, இரு திசையிலும் மாற்றி மாற்றிக் கழுவினோம். சில இடங்களில் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள். படிவு கரையும், கூடவே கோரும் கரையும் அபாயம் இருப்பதால் நாங்கள் அதைத் தொடுவதில்லை. தண்ணீர் தெளிந்து, குழாயில் வரும் ஓட்டமும் கண்ணுக்குத் தெரியும்படி கூடிய பிறகு நிறுத்தினோம். இன்ஜினையும் ரேடியேட்டரையும் தனியாகக் கழுவினோம். அங்கிருந்து மறுபடி குப்பை கோருக்கு வந்தால் செய்ததெல்லாம் வீண்.

காற்றை வெளியேற்றியது

கூலண்டைச் சரிபாதியாகக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றினோம். ஹீட்டர் கோர் உயரத்தில் இருப்பதால் காற்று அதில்தான் போய்த் தங்கும். வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டர் ஹோஸில் உள்ள ப்ளீட் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை மெதுவாக ஊற்ற வேண்டும். மூக்கை உயர்த்த ஜாக்கி தேடுவார்கள். ஊட்டியில் அதற்குப் பஞ்சமில்லை, எந்தத் தெருவில் நிறுத்தினாலும் சரிவுதான்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை இன்ஜினை ஓடவிடுவது கையேடுகளில் வரும் முறை. மலையில் அதை அப்படியே பின்பற்றக் கூடாது. தெர்மோஸ்டாட் திறப்பதற்கும் மூடியில்லாத தண்ணீர் கொதிப்பதற்கும் இடையே இங்கே நாலைந்து டிகிரிதான் இடைவெளி, கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கிடைக்கும். பொங்கி முகத்தில் அடித்துவிடும். மூடியைப் போட்டு, 0.9 பார் அழுத்தம் சேர்ந்தால் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். ஆகவே ஹோஸைக் கையால் அழுத்தி விட்டு முடிந்தவரை காற்றை எடுத்து, மூடியைப் பூட்டி, ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, குறைந்ததை நிரப்பினோம். இதை இரண்டாவது நாளும் செய்ய வேண்டியிருந்தது.

அளவுகள்

காலை 5 டிகிரி குளிரில், அதே பாதையில் ஓட்டிப் பார்த்தோம். இன்ஜின் 86 முதல் 89 டிகிரி. ஹீட்டர் ஹோஸ்கள் 80, 68. டிரைவர் பக்கம் வென்ட் காற்று 52 டிகிரி, இடது ஓரத்தில் 45. இறக்கத்தில் இன்ஜின் 76க்குக் கீழே போகவில்லை. முன்கண்ணாடிக்குத் திருப்பி, ஏசியையும் சேர்த்துப் போட்டபோது ஆவி ஒரு நிமிடத்துக்குள் விலகியது. குளிரில் ஏசியா என்று அவர் கேட்டார். ஏசி காற்றின் ஈரத்தைப் பிழியும், ஹீட்டர் அதைச் சூடாக்கும், உலர்ந்த சூடான காற்றுதான் கண்ணாடியைத் துடைக்கும். ஏசியை மழைக்காலத்தில் தொடவே கூடாது என்று நினைப்பவர்கள் இங்கே நிறைய இருப்பதால் இதை ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்னர் நடந்தவை

கூலண்ட் அளவை வாரம் ஒருமுறை ஆறிய நிலையில் பார்த்து, ரிசர்வ் டேங்க்கில் பேனாவால் கோடு போட்டு வைக்கச் சொல்லியிருந்தோம். பொங்கலுக்குப் பிறகு அழைத்தார். கோடு இறங்கியிருந்தது. வண்டியைக் கொண்டுவந்து பிரஷர் டெஸ்டர் வைத்தோம். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பக்கத் தொட்டி அலுமினியத்தோடு மடித்துப் பிடிக்கப்பட்டிருக்கும் விளிம்பில் பச்சை நிறத்தில் ஈரம் கசிந்தது. வாளியைப் பார்த்த அன்று எதிர்பார்த்ததுதான். ரேடியேட்டரையும் மூடியையும் புதிதாக மாற்றினோம். முன்பே சொல்லியிருந்ததால் பேச்சு வளரவில்லை.

மைலேஜ் கூடியிருப்பதாக அவர் சொல்கிறார். எவ்வளவு என்று அளந்த கணக்கு எங்களிடம் இல்லை. இன்ஜின் உரிய சூட்டில் ஓடுவதால் கூடத்தான் வேண்டும். கோடை வந்து, மேட்டுப்பாளையம் வெயிலில் நின்று ஏறும்போதும் முள் நடுவைத் தாண்டவில்லை. இருவேக ஃபேனும் ஒழுங்காக வேலை செய்கிறது. சிக்னலில் நின்றாலும் ஏசி குளிர்வதாக, கேட்காமலேயே சொன்னார்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

சமவெளியில் பதிவான எண்ணோடு வரும் பழைய வண்டியென்றால், புகார் எதுவாக இருந்தாலும் இப்போது முதலில் ஆறிய இன்ஜினிலிருந்து சூடு ஏறும் வேகத்தை ஸ்கேனரில் பார்த்துவிடுகிறோம். அரைமணி நேர வேலை அது. இந்த வண்டிக்கு அதை முதல் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்திருந்தால் கேபிளும் ஃபில்டரும் மிச்சம்.

பிரஷர் டெஸ்டில் தேறிவிட்டது என்பதை மட்டும் நம்புவதில்லை. ரிசர்வ் டேங்க்கின் அடியில் படிந்த வண்டலைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் காட்டுகிறோம். மின்னினால், செலவுக் கணக்குச் சொல்லும்போதே ரேடியேட்டரையும் ஒரு வரியில் சேர்த்துவிடுகிறோம்.

தெர்மோஸ்டாட்டையும் கோர் கழுவலையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்திருந்தால் தண்ணீர் வடிக்கும் வேலை ஒருமுறையோடு முடிந்திருக்கும் என்று எங்கள் பையன்களில் ஒருவர் சொன்னார். கூலி மிச்சம் என்பது சரி. ஆனால் தனித்தனியாகச் செய்ததால்தான் தெர்மோஸ்டாட் எவ்வளவு தந்தது, கோர் எவ்வளவு தந்தது என்று எண்களாகத் தெரிந்தது. அடைப்பு இல்லாத கோரைச் சந்தேகத்தின் பேரில் கழுவி, அடங்கியிருந்த ஒழுகலைக் கிளப்பிவிடும் அபாயமும் இருந்தது. அடுத்த முறையும் தனித்தனியாகவே செய்வோம்.

மிச்சம் இருப்பது இடது ஓரத்து வென்ட். வலதைவிட ஏழு டிகிரி குறைவாகவே வருகிறது. கோரின் சில குழாய்கள் திறக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். அதற்காக டேஷ்போர்டை இறக்கத் தேவையில்லை என்று அவரும் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் பெரும்பாலும் தக்காளிக் கூடைதான் உட்கார்ந்து வருகிறது. காலடிப் பாய் எப்போதாவது ஈரமானால் மட்டும் உடனே கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.